ஊர்க் கோயிலின் வரலாற்றைக் கல்லிலிருந்து எழுதுவது எப்படி?

‘இரண்டாயிரம் ஆண்டுப் பழமை’ என்று பலகையில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இது உதவாது. தமிழகத்தில் கற்கோயில்கள் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்தில்தான் தொடங்குகின்றன. அதற்கு முன் செங்கல்லும் மரமும்தான். வழிபாடு அதைவிடப் பழையதாக இருக்கலாம், ஆனால் சுவரின் வயது வேறு, தலத்தின் வயது வேறு. இரண்டையும் கலக்காமல் எழுதுவதே முதல் ஒழுங்கு.

கோயிலுக்குப் போகும் முன், தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளையும் (முதல் தொகுதி 1890) 1887 முதல் வெளிவந்த கல்வெட்டு ஆண்டறிக்கைகளையும் பாருங்கள். உங்கள் ஊர்ப்பெயர் அதில் இருந்தால் பாதி வேலை மிச்சம். இன்று சுவரில் இல்லாத கல்வெட்டும் அங்கே பதிவாகியிருக்கக்கூடும். பிறகு நிர்வாகத்திடம் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் என்றால் அந்தத் துறையிடமும் வாங்க வேண்டும்.

முதலில் அதிட்டானத்தை, அதாவது கோயிலின் அடித்தளத்தைப் பாருங்கள்: கீழிருந்து ஜகதி, குமுதம், பட்டிகை என்ற அடுக்குகள். அடுத்து சுவர், நிலைக்கால், தூண். தரையை உயர்த்தி டைல்ஸ் பதித்த கோயில்களில் ஜகதியின் அடிவரிகள் மண்ணுக்குள் போயிருக்கும், அதையும் குறியுங்கள். உச்சிவெயிலில் எழுத்து தெரியாது. காலை, மாலைச் சாய்வெயிலில் பாருங்கள், அல்லது டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுங்கள். எழுத்துக்குள் பெயின்ட் பூசுவதும் ஆணியால் கீறுவதும் கூடவே கூடாது. தப்பாகப் படித்ததைக் கல்லிலேயே நிலைநிறுத்திவிடும்.

மைப்படி (கல்வெட்டைத் தாளில் மையால் படியெடுப்பது) எடுப்பதைப் பயிற்சி பெற்றவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கல்லைத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு கழுவுங்கள், கம்பி பிரஷ் வேண்டாம். மேப்லித்தோ தாளை நனைத்து ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி பிரஷ்ஷால் தட்டினால் காற்று வெளியேறித் தாள் எழுத்துக்குள் இறங்கும். கிழிந்த இடத்தில் ஈரத்தாள் துண்டை ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மை கல்லில் இறங்கிவிடும். பாதி உலர்ந்த பதத்தில் மைப்பந்தால் மெல்ல ஒற்றுங்கள். ஈரம் அதிகமானால் மை பரவும், அதிகம் காய்ந்தால் தாள் தானே கழன்று விழும். எண்ணெய் ஊறிய கல்லில் தாள் ஒட்டாது. சரியாக வந்தால் கறுப்புப் பின்னணியில் எழுத்து வெள்ளையாக நிற்கும். உரித்ததும் பின்புறம் கோயில், சுவர், திசை, வரிசை எண் எழுதுங்கள். இதை நாளைக்குத் தள்ளினால் எந்தத் தாள் எந்தச் சுவர் என்று தெரியாமல் போகும்.

படிக்கும்போது மெய்யெழுத்தின் மேல் புள்ளியைத் தேடாதீர்கள், பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவம்தான். ‘பெறு’வா ‘பேறு’வா என்பதை வாக்கியம்தான் சொல்லும். கல்வெட்டு ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்’ என்று தொடங்கினால் முதலாம் இராசராசன், ‘திருமன்னி வளர’ என்றால் முதலாம் இராசேந்திரன், ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்றால் முதலாம் பராந்தகன். வெறும் ‘கோப்பரகேசரி’ மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள், அந்தப் பட்டம் பல சோழருக்கு உண்டு.

ஆண்டுக் கணக்கில் வழுக்குபவர்கள் அதிகம். இராசராசன் ஆட்சி 985இல் தொடங்கியது. 24ஆவது யாண்டு (ஆட்சியாண்டு) என்றால் 1008-09, 1009-10 அல்ல, ஏனெனில் முதல் ஆண்டும் கணக்கில் சேரும். பாண்டியர் கல்வெட்டில் ‘4ஆவதன் எதிர் 7ஆவது’ என்றிருந்தால் இரண்டையும் கூட்டி 11ஆவது ஆட்சியாண்டு என்று கொள்ள வேண்டும். சக ஆண்டுடன் 78 கூட்டினால் பொது ஆண்டு. சுந்தர பாண்டியர் பலர் என்பதால், எவர் காலம் என்று பிரித்தறிய நட்சத்திரம், திதி, கிழமையையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி: கல்வெட்டு கட்டடத்தைவிடப் பழையதாக இருக்கலாம். சோழ அரசி செம்பியன் மாதேவி திருக்கோடிகாவில் கற்றளி (கற்கோயில்) எடுத்தபோது பழைய கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். பிற்காலத் திருப்பணியில் கற்கள் இடம் மாறியிருந்தால் வரிகள் நடுவில் அறுந்து நிற்கும், சில தலைகீழாகவும் இருக்கும். அவற்றை இழுத்து ஒட்டவைத்துப் பொருள் சொல்லாதீர்கள்.

உள்ளடக்கத்தில் பெரும்பகுதி கொடைதான். நந்தா விளக்குக்கு (அணையா விளக்கு) 96 ‘சாவா மூவாப் பேராடு’ (எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ஆடுகள்), அதற்கு ஈடாக நாளொன்றுக்கு உழக்கு நெய் என்பது அடிக்கடி வரும் கணக்கு. நிலம் வேலி, மா, குழி என்ற அளவுகளில் வரும். ஊரின் பழைய பெயரும் அது எந்த நாட்டில், எந்த வளநாட்டில் (அக்கால நிர்வாகப் பிரிவுகள்) இருந்தது என்பதும் பெரும்பாலும் தொடக்க வரிகளிலேயே கிடைக்கும். சிவன் கோயில் சாசனம் பல இடங்களில் ‘பன்மாஹேஸ்வர ரக்ஷை’ (சிவனடியார்களின் காவல்) என்று முடியும்.

கல்வெட்டே இல்லையா? வெளியே கிடக்கும் சிற்பங்களைப் பாருங்கள். பெருத்த வயிற்றோடு, இருபுறமும் மகனும் மகளுமாக, காக்கைக் கொடியோடு அமர்ந்திருப்பவள் சேட்டை, அதாவது மூதேவி. பல்லவர், முற்காலச் சோழர் காலத்தில் பரவலாக வழிபடப்பட்டவள். தன் தலையைத் தானே அரியும் நவகண்ட வீரனும் பல ஊர்களில் வேறு பெயரில் சாமியாக நிற்கிறான்.

அம்மன், ஐயனார் கோயில்களில் மரபுதான் ஆவணம். ‘வரலாறு சொல்லுங்க’ என்று கேட்டால் பலகையில் இருப்பதே திரும்ப வரும். வேலையைக் கேளுங்கள்: காப்பு யார் கட்டுகிறார், புரவி எடுப்புக்கு (மண்குதிரை எடுக்கும் விழா) பிடிமண் யார் கொடுத்து எந்த வேளார் (குயவர்) வாங்குகிறார், சாமி எந்தத் தெருவில் நிற்கும், எந்த மண்டகப்படி யாருடையது. பூசாரி, வேளார், மேளக்காரர், வீட்டுப் பெரியம்மாக்கள் என்று தனித்தனியே கேட்பது நல்லது. ஊர்க்கூட்டத்தில் ஒருவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டிவிடுவார். முதல் மரியாதை பற்றி இரு தரப்பு இருந்தால் இரண்டையும் எழுதுங்கள், தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையல்ல.

இத்தனையையும் பாலாலயத்துக்கு (திருப்பணிக்காகச் சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்கு) முன்பே முடித்துவிடுங்கள். திருப்பணி தொடங்கி, கல்லைச் சுத்தம் செய்ய மணல்வீச்சு இயந்திரம் வந்துவிட்டால் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். அதன்பின் தாள் ஒட்டினாலும் வரிகள் தெளிவாக வராது.