சாண்டோரினியில் கப்பல் நிற்கும் ஒரு நாள்: திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடும் முறை

கிரீஸின் சாண்டோரினித் தீவில் க்ரூஸ் கப்பல் கரையில் அணையாது. எரிமலை வெடித்துச் சரிந்த பள்ளத்துக்குள் கடல் புகுந்து உண்டான கால்டெராவின் நடுவில்தான் நிற்கும். அங்கிருந்து சின்னப் படகில் பழைய துறைமுகத்துக்கு வர வேண்டும். ஃபிரா ஊர் அந்தத் துறைமுகத்துக்கு நேர் மேலே, சுமார் 220 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறையின் உச்சியில் இருக்கிறது. பஸ், கடை, ஓட்டல் எல்லாம் மேலேதான்.

முதல்முறை போகிறவர்கள் எந்தெந்த இடம் பார்க்கலாம் என்று பட்டியல் போட்டுவிட்டு, அந்தப் பாறையில் ஏறி இறங்க ஆகும் நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறார்கள். நாள் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். அதனால் இந்தத் திட்டத்தைக் கடைசியிலிருந்து போடுவோம்.

1. கிளம்பும் முன்பே: அன்றைக்கு எத்தனை கப்பல்?

உங்கள் கப்பல் நிற்கும் அதே நாளில் வேறு எத்தனை கப்பல்கள் வருகின்றன என்று பாருங்கள். க்ரூஸ் கால அட்டவணைத் தளங்களில் தீவின் பெயரையும் தேதியையும் கொடுத்தால் கப்பல்களின் பெயரும், வரும் நேரமும், புறப்படும் நேரமும் கிடைக்கும். 2025 முதல் ஒரு நாளைக்கு 8,000 க்ரூஸ் பயணிகள் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த 8,000 பேரும் துறைமுகத்துக்கும் ஃபிராவுக்கும் நடுவே ஓடும் ஒரே கேபிள் காரில் ஏறி இறங்க நினைக்கும் நாள் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நடுத்தரக் கப்பல் என்றால் கவலையே வேண்டாம். மூன்று பெரிய கப்பல்கள் என்றால் கீழே சொல்லும் கணக்கில் எதையும் குறைக்காதீர்கள். எண்ணிக்கையோடு புறப்படும் நேரத்தையும் பாருங்கள். உங்கள் கப்பலும் இன்னொன்றும் ஒரே நேரத்தில் கிளம்பினால், இறங்கும் வரிசையும் ஒரே நேரத்தில்தான் கூடும்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விசாவில் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) பலமுறை நுழையும் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிரீஸுக்கு நடுவே துருக்கியின் குஷாதசியிலோ இஸ்தான்புல்லிலோ கப்பல் நின்றால், ஷெங்கன் எல்லையைவிட்டு வெளியே போய்த் திரும்பி வருவதாகவே கணக்கு. ஒருமுறை நுழைவு விசாவை வைத்துக்கொண்டு ஏறவே விடமாட்டார்கள்.

2025 ஜூலையிலிருந்து கிரீஸ் க்ரூஸ் பயணிகளிடம் ஒரு கட்டணம் வசூலிக்கிறது. சாண்டோரினிக்கும் மிக்கோனோஸுக்கும் உச்சப் பருவத்தில் நபருக்கு 20 யூரோ. அதைத் துறைமுகத்தில் நீங்கள் கட்ட வேண்டியதில்லை, கப்பல் கணக்கிலேயே சேர்ந்துவிடும். பில்லில் பார்த்துப் பதற வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறோம்.

2. பின்னோக்கிக் கணக்கு

கப்பலில் முந்தின இரவே அடுத்த நாள் நிகழ்ச்சி நிரல் தருவார்கள், செயலியிலும் வரும். அதில் கப்பல் புறப்படும் நேரத்தை விட்டுவிடுங்கள். கரையிலிருந்து கடைசிப் படகு எப்போது என்பதைத்தான் தேட வேண்டும். இரண்டுக்கும் ஒரு மணி நேரம் வரை வித்தியாசம் இருக்கலாம்.

கப்பல் மாலை 6 மணிக்குப் புறப்படுகிறது, கடைசிப் படகு 5 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். ஃபிராவிலிருந்து பஸ்ஸில் போக வேண்டிய இயா என்ற ஊரைப் பார்க்கப் போகிறீர்கள்.

- 5:00 – கடைசிப் படகு
- 4:30 – கீழே படகுத்துறையில் இருக்க வேண்டும்
- 3:00 – ஃபிராவில் கேபிள் கார் வரிசையில் நிற்க வேண்டும் (கூட்டமான நாளுக்கு ஒன்றரை மணி நேரம்)
- 2:50 – ஃபிரா பஸ் நிலையத்தில் இறங்க வேண்டும்
- 2:20 – இயாவிலிருந்து பஸ் கிளம்ப வேண்டும்
- 1:50 – இயா பஸ் நிறுத்தத்தில் வரிசையில் நிற்க வேண்டும்

காலையில் கப்பல் 7 மணிக்கு வந்தாலும், தனியாகப் போகிறவர்கள் படகு பிடித்து, மேலே ஏறி, பஸ் மாறி இயாவில் கால் வைக்கப் பத்து மணி தாண்டிவிடும். ஆக, பதினொரு மணி நேரம் கப்பல் நின்றாலும் இயாவில் உங்களுக்குக் கிடைப்பது மூன்றரை மணி நேரம். அதுவே போதும், நன்றாகவே பார்க்கலாம். அதோடு கடற்கரை, ஒயின் தோட்டம், அக்ரோத்திரி என்ற அகழாய்வு இடம் என்று சேர்க்கும்போதுதான் கணக்கு உடைகிறது.

கேபிள் காருக்கு ஏன் ஒன்றரை மணி நேரம்? ஒரு பக்கத்துக்கு 6 பெட்டி, பெட்டிக்கு 6 பேர், ஆக ஒரு தடவைக்கு 36 பேர். உங்களுக்கு முன்னால் 1,000 பேர் நின்றால் 28 தடவை ஓட வேண்டும். ஓட்டம் சுமார் 3 நிமிடம். ஏற்றி இறக்கும் நேரத்தைச் சேர்க்காமலே 84 நிமிடம் ஆகிவிட்டது.

3. கப்பலிலிருந்து இறங்குதல்

சாண்டோரினியில் கரைக்குக் கூட்டிப்போவது பெரும்பாலும் உள்ளூர்ப் படகுக்காரர்களின் படகுகள்தான். முதலில் கப்பல் நிறுவனத்திடம் டூர் எடுத்தவர்களை இறக்குவார்கள். அவர்களை அத்தினியோஸ் என்ற வேறொரு துறைமுகத்தில் விட, அங்கே பஸ் காத்திருக்கும். தனியாகப் போகிறவர்கள் கப்பலில் அறிவிக்கும் கூடத்தில் எண் போட்ட படகுச் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சீட்டு கொடுக்க ஆரம்பிக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னே போய் நில்லுங்கள். குடும்பத்தில் ஒருவரை அனுப்பி எல்லோருக்கும் வாங்க முடியாத கப்பல்களும் உண்டு, காலை உணவை முன்பே முடித்துவிட்டு எல்லோரும் சேர்ந்தே போய்விடுவது நல்லது.

டூர் எடுத்தவர்களுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. காலையில் அத்தினியோஸில் இறங்கியதால் கேபிள் கார் தொல்லை இல்லை என்று நினைப்பார்கள். பெரும்பாலான டூர்கள் முடிவது ஃபிராவில். கையில் ஒரு கேபிள் கார் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு வழிகாட்டி போய்விடுவார். அதன்பிறகு நீங்களும் எல்லோருடனும் அதே வரிசையில்தான்.

கப்பலை விட்டு இறங்கும் முன் கைப்பேசியின் கடிகாரத்தையும் கப்பல் கடிகாரத்தையும் ஒப்பிடுங்கள். இத்தாலியில் ஏறியிருந்தால் கிரீஸ் ஒரு மணி நேரம் முன்னே இருக்கும். கப்பல் நேரத்தை மாற்றினார்களா இல்லையா என்பது நிகழ்ச்சி நிரலில் இருக்கும். கைப்பேசி தானாகக் கரை நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் நேரத்திலேயே ஓடும் ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொண்டால் குழப்பமே இல்லை. கப்பலில் இருக்கும்வரை கைப்பேசி விமானப் பயன்முறையில் இருக்கட்டும்; கடல்வழி ரோமிங் கட்டணம் சாதாரண ரோமிங் திட்டங்களில் பெரும்பாலும் அடங்காது, பில் தாறுமாறாக வரும்.

4. மேலே ஏற நாலு வழி

கேபிள் கார்: ஒரு வழிக்கு 10 யூரோ அளவில் ஆகும். முதல் படகுகளில் வந்தவர்களுக்குக் காத்திருப்பு குறைவு. 9 மணிக்கு மேல் வரிசை படிக்கட்டைத் தொட்டுவிடும்.

படிக்கட்டு: 588 படிகள் என்று கணக்கு. அகலமானவை, வளைந்து வளைந்து போகும். ஏற 30 முதல் 45 நிமிடம். கோடை வெயிலில் நிழல் கிடையாது. கழுதைகளும் அதே பாதையில்தான் வரும். அவை வரும்போது சுவர் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்தின் பக்கம் நிற்காதீர்கள். படிகளின் கல் பலரும் நடந்து வழவழவென்று ஆகியிருக்கும், சாணமும் சேர்ந்தால் செருப்பு வழுக்கும்.

கழுதைச் சவாரி: சுற்றுலாப் படங்களில் அழகாகத்தான் இருக்கிறது. விலங்குகள் படும் பாட்டைப் பற்றி எழுந்த புகார்களால்தான் 2018-ல் கிரீஸ் அரசு 100 கிலோவுக்கு மேல், அல்லது விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்று விதி போட்டது. எங்கள் கருத்து: வேண்டாம்.

படகு வழியாக இயா: இதுதான் பலருக்குத் தெரியாத வழி. பழைய துறைமுகத்தில் இறங்கியதும், இயாவுக்குக் கீழே இருக்கும் அம்மூடி துறைக்குப் படகு, அங்கிருந்து மேலே இயாவுக்கு பஸ், பிறகு இயாவிலிருந்து ஃபிராவுக்கு பஸ் என்று மூன்றையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக விற்பார்கள். நபருக்கு 20 யூரோவை ஒட்டி இருக்கும். காலை கேபிள் கார் வரிசையே இல்லை, கால்டெராவைக் கடலிலிருந்து பார்த்த மாதிரியும் ஆயிற்று. பணம் கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: மேலே போகும் பஸ் இதில் சேர்த்தியா, ஃபிராவுக்குத் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு, எங்கே நிற்கும். அம்மூடியிலிருந்து மேலே இருநூறுக்கு மேல் படி. பஸ் சேர்த்தி இல்லையென்றால் அதை நடக்க வேண்டியதுதான். காற்று பலமாக இருக்கும் நாளில் இந்தப் படகு ஓடாது.

5. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

இயா: நீலக் குவிமாடங்கள், கோட்டை இடிபாடு, பளிங்குக்கல் பதித்த ஒற்றைத் தெரு. ஃபிராவிலிருந்து 11 கிலோமீட்டர், பஸ்ஸில் அரை மணி நேரம். டிக்கெட் 2 யூரோவை ஒட்டி, பஸ்ஸிலேயே நடத்துநர் வாங்குவார், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். டாக்சியை நம்பித் திட்டம் போடாதீர்கள், தீவில் அவை மிகக் குறைவு. இயாவின் சூரிய அஸ்தமனத்தை, கப்பல் இரவு பத்து மணி தாண்டி நின்றாலொழிய மறந்துவிடுங்கள். கோடையில் சூரியன் மறையவே எட்டரை ஆகும், மறைந்ததும் ஊரே ஒரே பஸ் நிறுத்தத்துக்கு ஓடும்.

அக்ரோத்திரி: சுமார் 3,600 வருடங்களுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த வெண்கலக் கால ஊர். கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்பிரிடான் மரினாடோஸ் 1967-ல் அகழாய்வைத் தொடங்கினார். இரண்டு மாடி வீடுகள், கல் பாவிய தெரு, தானியம் வைத்த பெரிய ஜாடிகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மனித எலும்புக்கூடுகள் கிடைக்கவில்லை, மக்கள் முன்கூட்டியே தப்பியிருக்க வேண்டும் என்கிறார்கள். முழுதும் கூரைக்குள் இருப்பதால் நடுப்பகல் வெயிலுக்கு ஏற்ற இடம். சுவரோவியங்களைத் தேடி இங்கே வந்தால் ஏமாற்றம்தான். அவற்றைப் பெயர்த்து ஏதென்ஸ் அருங்காட்சியகத்திலும், ஃபிராவில் இருக்கும் வரலாற்றுக்கு முந்தைய தேரா அருங்காட்சியகத்திலும் (Museum of Prehistoric Thera) வைத்திருக்கிறார்கள். புகழ்பெற்ற நீலக் குரங்குகள் இருப்பது ஃபிராவில். திறக்கும் நேரமும் வார விடுமுறையும் பருவத்துக்குப் பருவம் மாறும், முந்தின நாளே பாருங்கள்.

இயாவிலிருந்து அக்ரோத்திரிக்கு நேர் பஸ் கிடையாது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போவதானாலும் பெரும்பாலும் ஃபிராவில் மாற வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முயல்பவர்கள் பாதி நாளை ஃபிரா பஸ் நிலையத்தில் கழிப்பதன் காரணம் இதுதான்.

வயதானவர்கள், சின்னக் குழந்தைகள் கூட இருந்தால் ஃபிராவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கிருந்து பக்கத்து ஊரான ஃபிரோஸ்டெஃபானி வரை பாறை விளிம்பில் இருபது நிமிட நடை. காட்சியில் இயாவுக்கு எந்த விதத்திலும் குறைவில்லை. ஃபிராவிலிருந்து இயா வரை விளிம்போரமாகவே நடக்கும் பாதையும் உண்டு. 10 கிலோமீட்டர், நாலு மணி நேரம் ஒதுக்க வேண்டும். அது ஏப்ரல், அக்டோபருக்கு நல்லது, ஜூலை மத்தியானத்துக்கு அல்ல.

6. சாப்பாடு, தண்ணீர்

குழாய்த் தண்ணீர் குடிக்க உகந்ததல்ல, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் பாட்டில் வாங்குங்கள். சைவர்களுக்குத் தீவின் சொந்தச் சரக்கே போதும்: ஃபாவா என்பது மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெயும் பச்சை வெங்காயமும் மேலே போட்டுத் தருவது, நம்மூர்க் கடைந்த பருப்பைத் தாளிக்காமல் சாப்பிடுவதுபோல. தக்காளிப் பக்கோடாவும் எங்கும் கிடைக்கும், சில கடைகளில் முட்டையோ சீஸோ சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். "நிஸ்டீசிமோ" என்று கேட்டால் விரத உணவு என்று புரிந்துகொண்டு இறைச்சி, பால், முட்டை இல்லாமல் தருவார்கள். ஆனால் அவர்களது விரதத்தில் கணவாயும் இறாலும் உண்டு, அதையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கால்டெரா பார்த்த மேசைகளில் சாப்பிட்டால் காட்சிக்கும் சேர்த்துப் பில் வரும். இரண்டு தெரு உள்ளே தள்ளிப் போங்கள்.

7. இறங்கும் நேரம்

ஃபிராவுக்குத் திரும்பியதும் வேறு எதுவும் செய்யும் முன் கேபிள் கார் நிலையத்துக்குப் போய் வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தெருவுக்குள் நீண்டு, திருப்பத்தைத் தாண்டியிருந்தால் உடனே நில்லுங்கள், அல்லது முழங்கால் நன்றாக இருந்தால் படிக்கட்டில் இறங்குங்கள். இறங்க அரை மணி நேரம் போதும். பிடிப்புள்ள ஷூ இருந்தால் மட்டும். ரப்பர் செருப்பில் வேண்டாம். படிக்கட்டில் இறங்குவது என்று காலையிலேயே முடிவு செய்தவர்கள், மேலே போட்ட கணக்கில் இயாவில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கலாம்.

கப்பலைத் தவறவிட்டால்? கப்பல் காத்திருப்பது தன் சொந்த டூர்களுக்காக மட்டும்தான். நிகழ்ச்சி நிரலில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும், காலையிலேயே படம் எடுத்து வையுங்கள். பல கப்பல்கள் பாஸ்போர்ட்டைத் தாங்களே வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் பாஸ்போர்ட், விசாப் பக்கங்களின் நகல் பையில் இருக்க வேண்டும். அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு உங்களுடையது. ஃபெர்ரிகள் அத்தினியோஸிலிருந்துதான் கிளம்பும், பழைய துறைமுகத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி காற்று அடிக்கும். அலை உயர்ந்தால் படகில் ஆள் ஏற்ற முடியாது, கேப்டன் தீவையே தாண்டிப் போய்விடுவார். கப்பலிடம் வாங்கிய டூருக்குப் பணம் திரும்பும். வெளியே பதிவு செய்தால், கப்பல் வராவிட்டால் முழுப் பணம் திருப்பித் தரப்படும் என்று எழுத்தில் இருக்கும் இடத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள்.