பிக்கப்புக்கு வின்ச் வாங்கும் முன்

காசிமேட்டில் மீன் ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறேன். எண்ணூர்க் கரை மணலில் பின்சக்கரம் அச்சு வரை புதைந்த அன்றே வின்ச் (மோட்டாரால் டிரம்மில் கயிற்றைச் சுற்றி, சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் கருவி) வாங்குவதென்று முடிவு செய்தேன்.

முதலில் ஆர்.சி.யில் சரக்கோடு சேர்ந்த மொத்த எடையைப் பார்த்து, ஒன்றரையால் பெருக்குங்கள். என் வண்டி 2,900 கிலோ. அப்படியானால் 4,350 கிலோ இழுவை வேண்டும். கடையில் பவுண்டில்தான் சொல்வார்கள். 9,500 பவுண்டு கொஞ்சம் குறைகிறது, அதனால் 10,000 எடுத்தேன்.

ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் இழுவை, டிரம்மில் ஒரே அடுக்குக் கயிறு இருக்கும்போது மட்டுமே கிடைக்கும். மேலே அடுக்கு ஏற ஏற பலம் இறங்கும். கயிற்றை நிறைய வெளியே விட்டு இழுங்கள். கூட ஒரு கப்பியும் வாங்குங்கள். அதன் வழியே கயிற்றை மடக்கிப் போட்டால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். படகு இழுப்பவர்களுக்கு இது தெரிந்த கணக்குதான்.

நம் உப்புக்காற்றில் இரும்புக்கயிறு சீக்கிரம் துருப்பிடிக்கும்; அறுந்தால் சாட்டை மாதிரி அடிக்கும். நான் சிந்தெடிக் கயிறுதான் போட்டேன். மணல் அதை அரிக்கும், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிடுவேன்.

சரி, பேட்டரி? முழுச் சுமையில் 12 வோல்ட் வின்ச் 400 ஆம்பியர் வரை இழுக்கும். எஞ்சினை ஓடவிட்டு, விட்டு விட்டு இழுங்கள். வெறும் பம்பரில் மாட்டாதீர்கள். சேசிஸோடு போல்ட் போட்ட தகட்டில்தான் மாட்ட வேண்டும்.