ஸ்டியரிங் நடுங்குகிறதா? எப்போது என்று கவனியுங்கள்

காரில் நடுக்கம் வந்ததும் ஒர்க்ஷாப்புக்கு ஓடாதீர்கள். அது எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பிரேக்கைத் தொடாமலே 80 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி நடுக்கம் தொடங்கி, வேகம் மாறினால் அடங்குகிறதா? பெரும்பாலும் வீல் பேலன்சிங் கோளாறுதான், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லை. ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம். இருக்கை அதிர்ந்தால் பின்சக்கரத்தின் மேல் சந்தேகப்படலாம். இதே நடுக்கத்துக்கு என் காரின் டிஸ்க்கையே (பிரேக் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடு) மாற்ற வேண்டும் என்றார் ஒரு மெக்கானிக். குனிந்து பார்த்தால், ரிம்மின் உள்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு அழுக்கேறாத ஒரு தடம். எடையைச் சமன் செய்ய அங்கே ஒட்டியிருந்த எடைத்துண்டு கழன்று விழுந்திருந்தது! மழைக்காலத்தில் ரிம்முக்குள் அப்பிக் காய்ந்த சேறும் இதே வேலையைச் செய்யும், கழுவினால் போதும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் உதறி, பெடலும் காலுக்கடியில் துடித்தால் டிஸ்க்கைப் பாருங்கள். 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்பார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை, சமமில்லாமல் தேய்கிறது. ஹப்புக்கும் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பகுதி) டிஸ்க்குக்கும் நடுவே துரு இருந்தாலும், சக்கர நட்டுகளை ஏனோதானோவென்று முறுக்கியிருந்தாலும் இப்படித் தேயும். புது டிஸ்க் போடுபவர் ஹப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்கிறாரா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். சட்டென்று அழுத்தி மிதிக்கும்போது மட்டும் பெடல் படபடத்தால் பயம் வேண்டாம், அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்.

மெதுவாகப் போகும்போதே கார் தள்ளாடினால் டயரில் புடைப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய கையோடு நடுக்கம் என்றால், உடனே ஓரங்கட்டி நட்டுகளைச் சோதியுங்கள்.