கணக்கு இல்லாதவர் கைக்கும் உதவிப் பணம் சேர: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020இல் கொரோனா பரவியபோது பல நாட்டு அரசுகள் உதவித்தொகையை நேராக வங்கிக் கணக்கில் போட்டன. கணக்கு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? வங்கியிலோ செல்பேசிப் பணச் சேவையிலோ கணக்கு இல்லாத பெரியவர்கள் சுமார் 170 கோடிப் பேர் என்று உலக வங்கி 2017இல் கணக்கிட்டிருந்தது. ஊரடங்கில் வருமானம் நின்றுபோனவர்களில் இவர்களும் பலர். அவசரத்தில் செய்த சில தவறுகளால், கிடைக்க வேண்டிய பணமும் பலருக்குத் தள்ளிப்போனது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, அடுத்தவர் கணக்கு எண்ணைக் கொடுப்பது. "இப்போதைக்கு இவர் கணக்கில் வரட்டும், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்" என்பார்கள். விண்ணப்பத்தில் ஒரு பெயர், கணக்கில் வேறு பெயர் என்றால் பணம் திரும்பிப் போகலாம். கணக்குக்காரருக்குக் கடன் பாக்கி இருந்தால், வந்த பணம் அதற்கே பிடிக்கப்படலாம். எல்லாம் சரியாக நடந்தாலும், அந்தப் பணத்தை எப்போது, எவ்வளவு தருவது என்பது அவர் கையில். மனைவிக்கான தொகை கணவர் கணக்கில் போய்ச் சேரும் வீடுகளில் இதுதான் நடக்கிறது. சிம் கார்டுக்கும் இதே கதைதான். இன்னொருவர் பயன்படுத்தும் எண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் அவரை எதிர்பார்க்க வேண்டும்.

"நமக்கெல்லாம் கணக்கு தரமாட்டார்கள்" என்று கேட்காமலே திரும்பிவிடுவது அடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் எவருக்கும், நிலையான முகவரி இல்லாதவருக்கும்கூட, அடிப்படைக் கணக்கு பெறும் உரிமையை 2014ஆம் ஆண்டின் விதி தந்திருக்கிறது. இந்தியாவில் அரசுத் திட்டமான ஜன் தன் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பே வேண்டாம். வங்கிக்குப் போனால் "அடிப்படைக் கணக்கு வேண்டும்" என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வெறுமனே கணக்கு என்று கேட்டால், கட்டணம் உள்ள வேறொன்றைக் காட்டிவிடலாம்.

அமெரிக்காவில் 2020 மே மாதம் சுமார் 40 லட்சம் பேருக்கு உதவித்தொகை, பணம் ஏற்றிய அட்டையாகத் தபாலில் அனுப்பப்பட்டது. உறை சாதாரணமாக இருந்ததால், ஏதோ விளம்பரம் அல்லது மோசடி என்று நினைத்துப் பலர் தூக்கி எறிந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த நேரத்தில் மோசடிகளும் நிறையவே இருந்தன. எதையும் எறியும் முன் திட்டத்தின் அதிகாரபூர்வ எண்ணில் விசாரியுங்கள். கடிதத்திலோ குறுஞ்செய்தியிலோ வந்த எண்ணை நம்ப வேண்டாம். அட்டையின் ரகசிய எண்ணையும் (PIN), செல்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் (OTP) உதவ வந்தவரிடமும் சொல்லக் கூடாது.

வதந்தியை நம்பி ஓடுவதும் ஆபத்து. 2020 ஏப்ரலில் இந்தியாவில் பெண்களின் ஜன் தன் கணக்குகளுக்கு 500 ரூபாய் வந்தது. உடனே எடுக்காவிட்டால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற பேச்சு பரவி, தொற்றுக் காலத்திலேயே வங்கி வாசல்களில் கூட்டம் சேர்ந்தது. பணம் எங்கும் போகாது என்று அரசே விளக்கம் தர வேண்டியதாயிற்று.

திட்டம் வகுப்பவர்களும் தவறுகிறார்கள். இணையத்தில் மட்டும் விண்ணப்பம் என்று வைத்தால், யாருக்குத் தேவையோ அவர்களே வெளியே நிற்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாடு 2020 ஏப்ரலில் தொடங்கிய நோவிசி உதவித்தொகைத் திட்டத்தில் சாதாரண பட்டன் செல்பேசியே போதுமாக இருந்தது. இணையம் இல்லாமலே பதிவு செய்ய முடிந்தது, பணமும் செல்பேசிக் கணக்குக்கே வந்தது.

கணக்கு தொடங்கியாயிற்று என்றால் அதை மறந்துவிடாதீர்கள். நீண்ட நாள் வரவு செலவு இல்லாத கணக்கை வங்கி முடக்கிவைக்கும். அவ்வப்போது சிறு தொகை போட்டு எடுங்கள். செல்பேசி எண் மாறினால் அந்த வாரமே வங்கியில் தெரிவித்துவிடுங்கள்.