காடையோட கண்ணுல கொத்து, நான் பாத்த வைத்தியம்

கூண்டுல இருந்த மத்ததுங்க ஒரு பெட்டைக் காடையை கொத்தி, கண்ணு வீங்கி ரத்தம் காஞ்சு இமை ஒட்டிப்போச்சு. உடனே தனியா பிரிச்சுட்டேன், ரத்தச் செவப்பு தெரிஞ்சா போதும் அதே எடத்துல திரும்பத் திரும்ப கொத்தும்ங்க. அட்டைப்பெட்டில பழைய துண்டு விரிச்சு (மரத்தூள் வேணாம், தூசி கண்ணுல போகும்), ஒரு ஓரத்துல மட்டும் பல்பு போட்டேன்.

மெடிக்கல்ல நார்மல் சலைன் 0.9% வாங்கி, பஞ்சுல நனைச்சு இமை மேல கொஞ்ச நேரம் வெச்சதும் பொருக்கு தானா ஊறி கழண்டுச்சு, பிச்சு மட்டும் எடுக்காதீங்க. துணில சுத்திப் பிடிக்கும்போது நெஞ்சை அழுத்தாதீங்க, பறவைக்கு நெஞ்செலும்பு அசைஞ்சாதான் மூச்சே.

கால்நடை டாக்டர் கண்ணுல சாயம் விட்டு நீல லைட் அடிச்சார், பச்சையா ஒரு கோடு தெரிஞ்சுது, கருவிழியில கீறலாம். ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட் குடுத்தார். வீட்ல கெடக்குற ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்றாதீங்க, கீறல் இருந்தா புண்ணு ஆழமாயிடும். மருந்து போட்ட வரைக்கும் அது முட்டையை நாங்க சாப்பிடல.

தீனி, தண்ணி ரெண்டும் நல்ல கண்ணு பக்கம் வெச்சேன். தெரியாத பக்கமா கை போச்சுன்னா மிரண்டு நேரா மேல எகிறும், அதனால பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஸ்பான்ஜ் ஒட்டினேன்.

வீக்கம் வடிஞ்சுடுச்சு, கருவிழியில வெள்ளைத் தழும்பு நின்னுடுச்சு, அந்தப் பக்கம் பார்வை கம்மிதான். கூண்டுல ஆண் ஜாஸ்தி, அதான் இவ்ளோ சண்டை. இப்ப ஒரு ஆணுக்கு நாலு பெட்டைன்னு பிரிச்சாச்சு, இதுக்கு மட்டும் சாதுவான பெட்டை ஒண்ணு துணைக்கு, மறுபடி முட்டை வைக்குது.