“ஒரிஜினல் டயல், ஃபுல் சர்வீஸ்”: பழைய வாட்ச் விளம்பரத்தை எப்படிப் படிப்பது?

இணையத்தில் பழைய வாட்ச் விற்பவர்கள் அப்பட்டமான பொய் எழுதுவது குறைவு. பொய் பிடிபட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். அதனால் பாதி உண்மையை எழுதிவிட்டு, மீதியை நாமே ஊகித்துக்கொள்ள விடுகிறார்கள். விளம்பரத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் “இதைக் காட்டும் படம் எங்கே?” என்று கேளுங்கள். படம் வந்த பிறகு விலை பேசலாம். கீழே வரும் உதாரணங்களில் பெரும்பாலானவை எச்எம்டி, ஜப்பானின் சீகோ 5. இந்திய விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படுபவை இவைதான், சொற்கள் அதிகம் வளைவதும் இவற்றில்தான்.

கேட்க வேண்டிய படங்கள்

டயலை நேர் எதிரே வைத்து, கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காமல் ஒரு படம். 6 மணிக்குக் கீழே டயல் விளிம்பில் இருக்கும் பொடி எழுத்து படிக்கும்படி நெருக்கத்தில் ஒன்று. பின்மூடியின் வெளிப்பக்கம், உள்பக்கம் இரண்டும். மூடி கழற்றிய நிலையில் மெஷின். பட்டையைக் கழற்றிவிட்டு லக் பகுதி, அதாவது பட்டை மாட்டும் கொம்புகள். கிரவுன் (சாவி கொடுக்கும், நேரம் வைக்கும் குமிழ்) பக்கவாட்டில். இவற்றோடு, அன்றைய தேதி எழுதிய தாளின் மேல் வாட்ச்சை வைத்து எடுத்த ஒரு நிமிட வீடியோ. தாள் எதற்கென்றால், வேறு யாரோ விற்ற வாட்ச்சின் படத்தை எடுத்துப் போடுவது சாதாரணமாக நடக்கிறது.

“மூடி திறக்க டூல் இல்லை” என்று பதில் வந்தால், தெருமுனை வாட்ச் கடையில் இரண்டு நிமிட வேலை என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் மறுப்பவரிடம், மெஷின் பழுது என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

“ஒரிஜினல் டயல்”

ஏமாற்று அதிகம் நடக்கும் இடம் இதுதான். மங்கிய டயலைச் சுரண்டி, புதுப் பெயின்ட் அடித்து, எழுத்தை மறுபடி அச்சடிப்பது ரீடயல். இந்தத் தொழில் மும்பையில் பெரிதாக நடப்பதால், பளிச்சென்ற ஆரஞ்சு, பச்சை, ஊதா நிறங்களில் வரும் சீகோ 5-க்கு உலகெங்கும் சேகரிப்பாளர்கள் ‘பாம்பே சீகோ’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ரீடயல் என்று சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்றால் அதில் குற்றமில்லை. கட்டிக்கொள்ள அழகான வாட்ச்தான். “அரிய நிறம்” என்று எழுதி மூன்று மடங்கு விலை கேட்பதுதான் மோசடி.

கண்டுபிடிக்கப் படத்தைப் பெரிதாக்குங்கள். நிறுவன அச்சில் எழுத்தின் ஓரம் கத்தி வெட்டியதுபோல் இருக்கும். ரீடயலில் ஓரம் கசியும், எழுத்து தடிக்கும், ஒரே சொல்லுக்குள் இடைவெளி மாறும். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளின் நடுவில் விழாமல் தள்ளி நிற்கும். டயல் விளிம்பில் சின்ன வெட்டு இருந்தாலும் சந்தேகப்படலாம். மறு அச்சின்போது டயல் திரும்பாமல் நிறுத்துவதற்காக அப்படி வெட்டுவது உண்டு. ஆனால் சில நிறுவனங்களே வெட்டிய டயல்களும் இருக்கின்றன, வெட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

சீகோவில் இன்னொரு வசதி உண்டு. பின்மூடியில் கேலிபர் எண்ணும் (மெஷின் வகையின் எண்) கேஸ் எண்ணும் (வாட்ச்சின் வெளிக்கூட்டின் எண்) நடுவில் கோடு போட்டுப் பொறித்திருக்கும். டயலின் அடி விளிம்பிலும் ஒரு குறியீடு பொடியாக இருக்கும், பெரும்பாலும் அதே கேலிபர் எண்ணில்தான் தொடங்கும். மூடியில் 7009 என்றும், டயலில் குறியீடே இல்லாமலும் இருந்தால் டயல் கைபட்டது. டயலில் அச்சடித்த ஜூவல் (உராய்வைக் குறைக்க மெஷினில் பதித்த சிறு கல்) எண்ணிக்கையும், உள்ளே ரோட்டரிலோ (சுழலும் எடை) பாலத்திலோ (சக்கரங்களைத் தாங்கும் தகடு) பொறித்திருக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். விளம்பரத்தில் 7009 மெஷின் என்றும் “சாவியும் கொடுக்கலாம்” என்றும் சேர்ந்து இருந்தால், விற்பவருக்கே தன் வாட்ச் தெரியவில்லை. 7009 கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக், அதற்குக் கையால் சாவி ஏறாது. கிரவுனை இழுத்தால் வினாடி முள் நிற்கவும் செய்யாது.

எச்எம்டியில் ஜனதா, பைலட் இரண்டும் கையால் சாவி கொடுக்கும் 17 ஜூவல் வாட்ச்கள். இந்தப் பெயர்களில் வண்ணப் படம் போட்டது, தலைவர் முகம் போட்டது, வானவில்லில் உள்ள எல்லா நிறத்திலும் வந்தது என்று எதைப் பார்த்தாலும் முதலில் ரீடயல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். “ராணுவப் பதிப்பு” என்று அம்புக்குறி அச்சடித்த டயலுக்கும் அதேதான். ராணுவ அடையாளம் டயலில் மட்டும் இருந்து பின்மூடியில் எதுவும் இல்லையென்றால் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற சுவிஸ் பெயர்களில் டயலை விட்டுவிட்டு மெஷினைப் பாருங்கள். பாலத்தின் மேல் நிறுவனப் பெயர் பொறித்திருக்க வேண்டும். பெயரே இல்லாத மெஷினின் மேல் பெயர் பெற்ற டயலை ஒட்டி விற்பது பழைய வித்தை.

“ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்”, “கோல்ட்”

பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்றிருந்தால் மூடி மட்டும்தான் ஸ்டீல். முன்பக்கம் பெரும்பாலும் பித்தளை, மேலே குரோம் முலாம். விளம்பரத்தில் ‘பேக்’ மட்டும் காணாமல் போயிருக்கும். லக் நுனிகளிலும், மணிக்கட்டில் உராயும் அடிப்பக்கத்திலும் மஞ்சளாகத் தெரிந்தால் முலாம் தேய்ந்துவிட்டது. பித்தளை வியர்வையில் அரிக்கும். அதைச் சரிசெய்ய மறுபடி முலாம் போட வேண்டும், அதில் பொறித்த எழுத்துகள் மழுங்கிப் போகும்.

தங்கம் என்றால் எண்ணைக் கேளுங்கள். 18 காரட் கேஸில் 750, 14-க்கு 585, 9-க்கு 375 என்று முத்திரை இருக்கும். ‘10 மைக்ரான்’, ‘20 மைக்ரான்’ என்றிருந்தால் அது முலாம்.

“ஃபுல் சர்வீஸ்”

இந்தச் சொல்லுக்கு எல்லை கிடையாது. மெஷினைப் பிரித்துக் கழுவி எண்ணெய் வைப்பதும் சர்வீஸ், மூடியைத் திறந்து ஒரு சொட்டு விட்டு மூடுவதும் சர்வீஸ். டைம்கிராஃபர் (வாட்ச்சின் டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) படம் கேளுங்கள், முழுச் சாவி கொடுத்த நிலையில், டயல் மேலே இருக்கும்படி. ஆம்ப்ளிட்யூட் (உள்ளே ஆடும் சக்கரம் எவ்வளவு தூரம் திரும்புகிறது என்ற அளவு) 250 பாகைக்கு மேல் இருந்தால் நல்லது, பழையதற்கு 220 பரவாயில்லை. 200-க்குக் கீழே போனால் எண்ணெய் காய்ந்திருக்கிறது, அல்லது தேய்மானம். பீட் எரர் (‘டிக்’, ‘டாக்’ இடைவெளிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு) 1 மில்லி வினாடிக்குள் இருப்பது நல்லது. “ஒரு நாளைக்கு 3 வினாடிதான் வித்தியாசம்” என்ற ஒரு வரியை மட்டும் நம்பாதீர்கள். வேகத்தைச் சரிசெய்யும் நெம்புகோலை நகர்த்தினால் நோய்பட்ட மெஷினும் அந்த எண்ணைக் காட்டிவிடும், ஆம்ப்ளிட்யூட்டை அப்படி ஏமாற்றுவது கடினம். ஒரே வழி, லிஃப்ட் ஆங்கிளை (மெஷினுக்கேற்பக் கருவியில் வைக்க வேண்டிய கோணம்) தவறாக வைப்பது. அதனால் அந்த எண்ணும் படத்தில் தெரிய வேண்டும். பல மெஷின்களுக்கு அது 52 பாகையை ஒட்டியிருக்கும், உங்கள் கேலிபருக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிரவுன் கீழே இருக்கும்படி நிறுத்தி இரண்டாவது படமும் கேளுங்கள். அதில் 20, 30 பாகை குறைவது இயல்பு. 60, 70 குறைந்தால் வேண்டாம்.

கருவி இல்லை என்பவரிடம், இரவு முழுச் சாவி கொடுத்து வைத்து 24 மணி நேரம் கழித்து ஒரு வீடியோ கேட்கலாம். குலுக்கிவிட்டு எடுத்த பத்து வினாடி வீடியோவில் எந்த வாட்ச்சும் ஓடும். குவார்ட்ஸ் வாட்ச்சுக்கு “பேட்டரி போட்டால் ஓடும்” என்று எழுதியிருந்தால், போட்டுப் பார்த்து ஓடவில்லை என்றே நான் வாசிப்பேன்.

“என்ஓஎஸ்”

விற்காமல் கடையில் கிடந்த புதுச் சரக்கு என்று பொருள். எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட 2016-இல் அரசு ஒப்புதல் தந்தது. அதன் பிறகு இந்தச் சொல்லுக்கு மவுசு ஏறி, மிச்ச உதிரிகளில் கோத்தவையும் இதே பெயரில் வருகின்றன. லக்கின் உள்பக்கம் பட்டை ஊசியைக் கழற்றிய கீறல் இருந்தாலோ, மெஷின் திருகுகளின் வாய் சிதைந்திருந்தாலோ அது புதுச் சரக்கு அல்ல. மூடியின் உள்பக்கம் தேதியோ எண்ணோ கீறியிருந்தால் பழுது பார்த்தவர் விட்டுப்போன கையெழுத்து. பெட்டியும் அட்டையும் சாட்சி ஆகாது, அவை தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. உண்மையான என்ஓஎஸ் என்றாலும் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும், சர்வீஸ் செலவைக் கணக்கில் சேருங்கள்.

ஆண்டு, ஒளிரும் முள்

சீகோ சீரியல் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டுமே. 4 என்றால் 1974, 1984, 1994 எதுவாகவும் இருக்கலாம். பத்தாண்டை மெஷின்தான் சொல்லும். உள்ளே 7எஸ்26 இருந்தால் 1970-களின் வாட்ச் ஆக முடியாது, அது 1996-இல் வந்தது.

சுவிஸ் டயலில் 6-க்குக் கீழே ‘ஸ்விஸ்’ சொல்லின் இருபுறமும் ‘டி’ எழுத்து இருந்தால், ஒளிரும் பூச்சு டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) சுமார் 12 ஆண்டு. 1970-களின் டிரிட்டியம் இன்று இருட்டில் கிட்டத்தட்ட செத்திருக்க வேண்டும். இரவெல்லாம் பச்சையாக எரிந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். அதற்கும் முந்தைய வாட்ச்களில் ரேடியம் இருக்கலாம். ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு போகாது. அதை வீட்டில் திறந்து சுரண்ட வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன்

“டயல் ரீடயலா? முள், கிரவுன், கண்ணாடியில் எவை மாற்றியவை? விளம்பரத்தில் சொன்னபடி இல்லையென்றால் எத்தனை நாளில் திருப்பி எடுப்பீர்கள்?” இந்த மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது பிறகு உதவாது. முன்பின் தெரியாதவருக்கு யுபிஐயில் நேராகப் பணம் அனுப்பிவிட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம். வாங்குபவர் பாதுகாப்பு உள்ள தளத்தின் வழியாகவே செலுத்துங்கள். “தளத்துக்கு வெளியே வாங்கினால் விலை குறைப்பேன்” என்பவர் அந்தப் பாதுகாப்பையும் சேர்த்தே குறைக்கிறார்.

பார்சல் வந்ததும், ஒட்டிய டேப் முதல் வாட்ச் வரை இடைவெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். பின்மூடி எண்ணை விளம்பரப் படத்தோடு ஒப்பிடுங்கள். தேதி மாற்றும் வேலையை இரவு 9 முதல் அதிகாலை 3 வரை காட்டும் முள் நிலையில் செய்யாதீர்கள், பல்சக்கரம் உடையலாம். அப்படி உடைந்தால், வரும்போதே உடைந்திருந்தது என்று வாதிடவும் முடியாது.