ஆறு மாதப் பிள்ளைக்கு இரும்புச்சத்து: எதை, எவ்வளவு, எப்படித் தீத்துவது

பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்ததும் திருகோணமலை வீடுகளில் முதலில் அடுப்பேறுவது பருப்புத் தண்ணி, கீரைத் தண்ணி, கோழிச் சூப்பு. இரும்புச்சத்துக்கு இவற்றை நம்ப முடியாது. சத்து சட்டியில் மிஞ்சும் பருப்பிலும் இறைச்சியிலும் கிடக்கிறது. அதைப் பெரியவர்கள் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஏழு கிலோப் பிள்ளையின் வயிறு ஒரு நேரத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர்தான் கொள்ளும். அது தண்ணியால் நிரம்பினால் வேறெதற்கும் இடமில்லை.

நிறைமாதத்தில் பிறந்த பிள்ளை கொண்டுவந்த இரும்பு இருப்பு ஆறு மாதமளவில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலைத் தொடரத்தான் வேண்டும். ஆனால் அதில் லீற்றருக்கு ஒரு மி.கி. இரும்புகூட இல்லை. 7 முதல் 12 மாதம் வரை நாளுக்கு ஏறத்தாழ 11 மி.கி. தேவை. வளர்ந்த ஆணுக்கு 8 போதும்!

கோழி ஈரலில் தொடங்குங்கள். பித்தம் பட்டுப் பச்சையான இடத்தை வெட்டி எறியுங்கள். விட்டால் முழுதும் கசக்கும். கொஞ்சத் தண்ணீரில், உள்ளே சிவப்பு இல்லாமல் போகும்வரை, பத்து நிமிடமளவில் அவியுங்கள். கரண்டியால் மசித்தால் மணல்போல் நெருநெருக்கும், பிள்ளை துப்பும். அரிதட்டில் தேய்த்து, அவித்த தண்ணீரையே விட்டுக் குழைத்துச் சோற்றோடு சேருங்கள். ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 1.5 மி.கி. இரும்பு கிடைக்கும். கிழமைக்கு ஒரு தடவை போதும். ஈரலில் விற்றமின் ஏ மிக அதிகம், அதனால் அதற்கு மேல் கூட்ட வேண்டாம்.

மற்ற நாட்களில் மீன், கோழி, மாட்டிறைச்சி. சூரை மீனில் முள்ளந்தண்டை ஒட்டிய கறுப்புச் சதையைப் பூனைக்குப் போடுகிறோம். இரும்பு கூடுதலாக இருப்பது அதில்தான். ஆனால் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரை வேண்டாம். அதில் உருவாகும் ஹிஸ்டமின் என்ற நச்சு சமைத்தாலும் போகாது. பிள்ளையின் முகம் சிவந்து தடிக்கும். கீரி, சூடை போன்ற சிறு மீன் என்றால் விரலால் உதிர்த்து முள் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்றவருக்குச் சுறா வறை கொடுப்பது இங்கே வழக்கம். பிள்ளைக்குச் சுறா வேண்டாம், பாதரசம் சேரும்.

வெள்ளிக்கிழமை மச்சம் இல்லாத வீட்டில் பயறு. இரவு ஊறவைத்து, ஒரு நாள் துணியில் கட்டி முளைக்கவிட்டால், இரும்பைப் பிடித்துவைக்கும் பைற்றேற்று குறையும். தோல் நீக்கிக் குழைய அவித்து, சில முருங்கை இலைகளை அரைத்துச் சேருங்கள். அடுப்பால் இறக்கி, கைச்சூட்டுக்கு வந்த பிறகே அரைத் தேக்கரண்டி தேசிக்காய்ப்புளி விடுங்கள். கொதிக்கும்போது விட்டால், இரும்பு உடலில் சேர உதவும் விற்றமின் சி குறைந்துவிடும். புளி பிடிக்காவிட்டால் பின்னால் இரண்டு துண்டு பப்பாசி.

தேத்தண்ணி விரலில் தொட்டு வைப்பதும் வேண்டாம். தேயிலை இரும்பைச் சேரவிடாது. ஒரு வயதுக்கு முன் பசுப்பாலைக் குடிபானமாகக் கொடுக்காதீர்கள்.

கிளினிக்கில் நுண்போசணைத் தூள் (இரும்பும் விற்றமின்களும் கலந்த தூள்) தந்தால் நாளுக்கு ஒரு பைக்கற்று. ஆறிய, கெட்டியான உணவில் கலந்து அரை மணிக்குள் தீத்திவிடுங்கள். சூட்டில் போட்டால் இரும்பின் மேற்பூச்சு கரைந்து நிறமும் சுவையும் மாறும். மலம் கறுப்பாகப் போவது பயப்பட வேண்டியதல்ல.

குறைமாதம், குறைநிறை என்றால் ஆறு மாதம்வரை காத்திருக்கக் கூடாது. மருத்துவமாதுவிடம் முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளை வெளிறித் தெரிந்தாலும் கடையில் இரும்புச் சிரப் வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அளவு மிஞ்சினால் அது நஞ்சு.